ஆள்காட்டியின் அடை

பவுல் அண்ணாச்சியின் வாயிலிருந்து ‘இல்லை’ என்ற சொல்லை வாங்குவது கல்லில் நார் உரிக்கிற வேலை. கடையில் உளுந்து தீர்ந்துபோயிருக்கும். வீட்டுக்கு வந்து, “உளுந்தக் காணோம்” என்பார். பஸ் போய்ப் புழுதியும் அடங்கியிருக்கும். “பஸ்ஸக் காணோம்” என்பார். அவர் மனைவி மெட்டில்டா சிரிப்பாள். “இந்த மனுசனுக்கு உலகத்துல எதுவும் தீராது. எல்லாம் எங்கனயாவது ஒளிஞ்சுக்கிட்டுத்தான் இருக்கும்” என்பாள். அதெல்லாம் அவள் சிரித்துக்கொண்டிருந்த காலத்தில்.

அது பிறவிக் குணம் இல்லை, தொழில் ஒட்டவைத்த குணம். தூத்துக்குடித் துறைமுகத்தின் சிக்னல் ஸ்டேஷனில் வேலை பார்த்தவர் அவர். உயரத்தில் ஒரு கண்ணாடி அறை, மேசைமேல் பைனாகுலர், எதிரே கடல். வருகிற கப்பலையும் போகிற கப்பலையும் பார்த்துச் சொல்ல வேண்டும். வரவேண்டிய கப்பல் வரவில்லை என்றால் ‘இன்னும் காணோம்’ என்று சொல்லலாம். மூழ்கிவிட்டது என்றோ, வேறு துறைமுகம் பார்க்கப் போய்விட்டது என்றோ சொல்லக் கூடாது. அதைச் சொல்ல வேறு ஆட்கள் இருக்கிறார்கள். கண்ணில் பட்டது உண்டு, படாதது காணோம். இந்த இரண்டு சொல்லை வைத்தே பணிக்காலம் முழுவதையும் ஓட்டி, நல்ல பேரும் வாங்கிவிட்டார்.

ஓய்வு பெற்ற பிறகும் கை பைனாகுலரைத் தேடியது. சொந்தமாக ஒன்று வாங்கிக்கொண்டு பறவை பார்க்கக் கிளம்பினார். கடற்கரைத் தெருக்காரருக்குப் பறவை பார்க்க வீட்டுப் படி இறங்கினாலே போதும், ஆலாக்கள் தலைக்கு மேலேயே பறக்கும். ஆனால் அவர் கடல் பக்கம் திரும்ப மாட்டார். உள்ளே தள்ளியிருக்கிற குளங்கள்தான் அவருக்கு. கோரம்பள்ளம், பெருங்குளம், கொற்கை, ஆத்தூர் என்று சுற்றுவார். “கடல்ல பறவையே கிடையாதா அண்ணாச்சி?” என்று புதிதாகச் சேர்ந்தவர்கள் கேட்பார்கள். பழையவர்கள் கேட்பதில்லை, அவர்களுக்குக் காரணம் தெரியும்.

காரணம் ஜெரால்டு. பவுலின் ஒரே மகன். மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப்போகும் தோணியில் இன்ஜின் பார்த்தவன். சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு கார்த்திகை மாதம், சிமெண்டும் வெங்காயமும் ஏற்றிக்கொண்டு அவன் தோணி கிளம்பியபோது பவுல் கண்ணாடி அறையில் வேலையில் இருந்தார். மகன் போகிற தோணியைப் பைனாகுலரில் பிடித்து, அது அடிவானத்தில் புள்ளியாகி மறைகிற வரைக்கும் பார்த்தார். பின்னாலேயே புயல் வந்தது. தோணி மாலத்தீவும் போய்ச் சேரவில்லை, திரும்பியும் வரவில்லை. ஒரு பலகையும் ரெண்டு நீல டிரம்மும் எங்கோ ஒதுங்கியதாகச் சொன்னார்கள். “நான் பாக்கும்போது நல்லாத்தான போச்சு” என்றார் பவுல். அன்றிலிருந்து இன்றுவரை அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவர்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. கடலில் போனவனுடைய உடல் கிடைக்காவிட்டால், வீட்டுப் பெரியவர் மாதா கோயிலுக்குப் போய், அங்கே மணியடிக்கிற உபதேசியாரிடம் பேரைச் சொல்லித் துக்கமணி கேட்க வேண்டும். மணி அடித்தால்தான் அவன் இறந்தவன். பிறகுதான் பூசை, பிறகுதான் அழுகை, பிறகுதான் அவன் பெண்டாட்டி விதவை. அந்தத் தோணியில் போன மற்றவர்கள் வீடுகளில் எல்லாம் மணி கேட்டு, பூசை வைத்து, கல்லறைத் தோட்டத்தில் வெறும் மண்மேல் சிலுவையும் நட்டாகிவிட்டது. பவுல் மட்டும் கேட்கவில்லை. பங்குச் சாமியார் வீட்டுக்கே வந்து பேசிப் பார்த்தார். “காணோம்னுதான சாமி சொன்னாங்க. செத்துட்டான்னு யாரு சொன்னா?” என்று அவரைக் காப்பி கொடுத்து அனுப்பிவிட்டார்.

இதற்கு நடுவில் ஜெமிமா என்று ஒருத்தி இருந்தாள். ஜெரால்டின் மனைவி, வேம்பாற்றுப் பெண். கல்யாணம் முடிந்து அவனோடு இருந்ததே கொஞ்ச நாள்தான், பிள்ளை கிடையாது. கழுத்தில் தாலி இருந்தது. ஆனால் திருவிழாவுக்குப் புதுச்சேலை கட்ட மாட்டாள். ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் கம்ப்யூட்டர் வேலைக்குப் போவாள், வருவாள், மாடி அறைக்குள் போய்விடுவாள். சாப்பாட்டைக் கொறிப்பாள். தெருவில் யாராவது “சேதி ஏதும் உண்டா?” என்று கேட்டால் தலையை ஆட்டிவிட்டு நடப்பாள். சனிக்கிழமைதோறும் ஜெரால்டின் சட்டைகளை வாளித் தண்ணீரில் நனைத்து, அலசி, உலர்த்தி, தேய்த்து, அலமாரியில் திரும்ப அடுக்குவாள். உப்புக் காற்றில் துணி சும்மா கிடந்தால் மட்கிப்போகும். அப்படிச் செய்யச் சொன்னது பவுல்தான். “வந்தா உடுத்த வேண்டாமா?” என்று ஒரே ஒருநாள் கேட்டார். அதன் பிறகு அவளுக்கு யாரும் ஞாபகப்படுத்த வேண்டியிருக்கவில்லை.

இந்த வருஷம் மாதா கோயில் தேர் முடிந்த வாரம் அவள் அண்ணன் டேவிட்சன் வந்திருந்தான். ஒரு சம்பந்தம் வந்திருப்பதாகச் சொன்னான். மாப்பிள்ளை மனைவியைப் பறிகொடுத்தவர், தங்கமான மனுஷன், இவள் கதையெல்லாம் தெரிந்துதான் கேட்கிறார். ஆனால் ஜெரால்டுக்கு மணி அடிக்காமல் இவளுக்குக் கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்க மாட்டார்கள். “ஒரு வார்த்த சொல்லுங்க மாமா. அவளும் எத்தன நாளைக்குத்தான் இப்படியே இருப்பா?” என்றான். பவுல் எழுந்துபோய் வாசல் கதவை நன்றாக விரியத் திறந்து வைத்தார். டேவிட்சன் கும்பிட்டுவிட்டுப் போனான். சமையலறையில் ஜெமிமா மீன் கழுவிக்கொண்டிருந்தாள். குழாய்த் தண்ணீர் விழுகிற சத்தம் நிற்கவே இல்லை.

அதற்கடுத்த வாரங்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆவணி பிறந்துவிட்டது, ஆனால் இந்தக் கரைக்கு ஐப்பசி வராமல் கோடை முடிந்ததாகக் கணக்கில்லை. குளிர்காலப் பறவைகள் வந்து இறங்குவதற்கு முன்னால் குளங்களில் யார் யார் மிச்சம் இருக்கிறார்கள் என்று ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பது பவுலுக்கும் டாக்டர் தேவபிரசாதத்துக்கும் வழக்கம். டாக்டர் நாசரேத்துக்காரர், ஓய்வு பெற்ற மாட்டு டாக்டர். கார் அவருடையது, கண் பவுலுடையது என்று பேச்சு. முதல் பூசை முடிந்து வந்த பவுல் பைனாகுலரைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது மெட்டில்டா சொன்னாள்:

“இவளையும் கூட்டிட்டுப் போங்க. ஆபீசு விட்டா வீடு, வீடு விட்டா ஆபீசு. மாடியிலயே அடைகிடக்கா.”

“வெயில்ல அவ என்னத்துக்கு?” என்று பவுல் தொடங்குவதற்குள் ஜெமிமா செருப்பை மாட்டிக்கொண்டு படியில் நின்றாள். “நானும் வாரேன் மாமா” என்றாள்.

மணியைப் பற்றிக் கேட்கப்போகிறாள் என்று பவுலுக்குத் தோன்றியது. அண்ணனை அனுப்பியதுபோல் தங்கையின் வாயையும் அடைக்க வேண்டியதுதான் என்று காரில் ஏறும்போதே பதிலைத் தயார் செய்துகொண்டார். ஆனால் அவள் பின்சீட்டில் உட்கார்ந்து ஜன்னலுக்கு வெளியே வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தாள்.

கோரம்பள்ளத்தில் தண்ணீர் பாதிக்கு மேல் வற்றி, எருமைகள் சேற்றில் கிடந்தன. ஓரத்தில் மஞ்சள் மூக்கு நாரைகள் ஒரு வரிசை, தள்ளி நெடுங்கால் உள்ளான்கள். டாக்டர் தன் பைனாகுலரை ஜெமிமாவிடம் கொடுத்து, எங்கே திருக வேண்டும் என்று காட்டினார். பிறகு பவுல் பக்கம் திரும்பினார்.

“அண்ணாச்சி, நாமக்கோழி?”

“காணோம்.”

“காணோம்னா? இருக்கா, இல்லையா?”

“காணோம் டாக்டர்.”

“இவருகிட்ட மாட்டு ஆஸ்பத்திரியக் குடுத்திருந்தா ஒரு மாடும் செத்திருக்காதும்மா” என்றார் டாக்டர் ஜெமிமாவிடம். “எல்லாம் காணாமத்தான் போயிருக்கும்.”

ஜெமிமா சிரித்துவிட்டாள். சட்டென்று வாயைப் பொத்தவும் செய்தாள். அவள் சிரிப்பு எப்படியிருக்கும் என்பது பவுலுக்கு மறந்தே போயிருந்தது. கேட்டதும் சந்தோஷம் வரவில்லை, என்னவோ ஒரு சங்கடம்தான் வந்தது. பைனாகுலரை நாரைகள் பக்கம் திருப்பிக்கொண்டார்.

பெருங்குளத்தில் கரை மரங்களில் கொக்கும் நீர்க்காகமும் கூடு கட்டி, குஞ்சுகளைப் பறக்கவிட்டு முடித்திருந்தன. கிளைக்குக் கிளை வெறும் சுள்ளிக் கூடுகள். கீழே எச்சம் சுண்ணாம்பு அடித்ததுபோல் கிடந்தது. “இவ்வளவு கூடும் சும்மாவா கிடக்கு?” என்று ஜெமிமா கேட்டாள். “வேலை முடிஞ்சுதுன்னா அதுங்க திரும்பிக்கூடப் பாக்காதும்மா” என்றார் டாக்டர். அவள் அண்ணாந்தபடியே ரொம்ப நேரம் நின்றாள். ஏரலில் ஒரு ஓட்டலில் காலைச் சாப்பாடு. டாக்டர் ரெண்டு தோசை முடிக்கிற நேரத்தில் அவள் ஒன்றில் பாதியைப் பிய்த்து வைத்துவிட்டு எழுந்துவிட்டாள். பவுல் அதைப் பார்த்தார். அதுவும் பழகிப்போன விஷயம்தான்.

கொற்கைக்குப் போய்ச் சேரும்போது வெயில் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது. ஒரு காலத்தில் பாண்டியர் துறைமுகம், முத்துக் குவிந்த ஊர். இப்போது சுற்றிலும் வாழைத் தோட்டமும் வயலும்.

“இங்கனயா துறைமுகம் இருந்துச்சு? கடல் எங்க டாக்டர்?” என்று ஜெமிமா கேட்டாள்.

“உங்க மாமாகிட்ட கேளுங்க. காணோம்பார்.”

குளத்துக்குள் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த இசக்கியம்மாள் காரைப் பார்த்ததும் வந்தாள். பவுலுக்கு அவளைத் தெரியும். ஆடி மாதப் பிறப்பில், காற்று மண்ணை வாரி அடித்துக்கொண்டிருந்தபோது, வறண்ட குளத்து மண்ணில் ஆள்காட்டி ஒன்று முட்டையிட்டிருந்ததைப் பவுல் கண்டுபிடித்தார். கூடு என்று சொல்ல ஒன்றும் கிடையாது. வெடித்த களிமண்ணில் சின்னப் பள்ளம், சுற்றி ஆட்டுப் புழுக்கையும் கூழாங்கல்லும், நடுவில் மண் நிறத்தில் நாலு முட்டை. அந்தப் பக்கம் ஆட்டை விடாதே என்று அன்றைக்கே இசக்கியம்மாளிடம் கேட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு வாரம் தவறாமல் வந்தார். ஒரு மாசத்துக்குள் குஞ்சு வெளியே வந்து ஓட வேண்டும். ஆடி முடிந்தது, ஆவணியும் வந்தது. வீட்டில் மெட்டில்டா கேட்டால், “இன்னும் குஞ்சக் காணோம்” என்பார்.

“உங்க பறவ இன்னும் எந்திரிக்கலய்யா” என்றாள் இசக்கியம்மாள். “நானும் ஆட்ட அந்தப் பக்கம் விடல. பாவமா இருக்கு, பாத்துக்கிடுங்க.” சொல்லிவிட்டு ஆடுகள் பின்னால் போய்விட்டாள்.

மூன்று பேரும் கருவேல நிழலில் தள்ளி நின்று பார்த்தார்கள். ஆள்காட்டி என்றால் ஆள் தூரத்தில் வரும்போதே கத்தி ஊரைக் கூட்டும். வேட்டைக்காரன் அதைத் திட்டாத நாள் இல்லை, பேரே அப்படி வந்ததுதான். இது கத்தவில்லை. முட்டைகளுக்கு மேல் நின்று, பாதிச் சிறகை விரித்து நிழல் கொடுத்துக்கொண்டிருந்தது. அலகு திறந்தே இருந்தது. கழுத்து மெலிந்து போயிருந்தது. அதன் ஜோடி மடையடியில் மிச்சம் கிடந்த குட்டைக்கு ஓடியது. வயிற்றைத் தண்ணீரில் அமுக்கி அமுக்கி நனைத்தது. நனைந்த வயிற்றோடு ஓடிவந்து, முன்னது விலக, முட்டைகள்மேல் உட்கார்ந்தது. வெயிலில் முட்டை வெந்துவிடாமல் இருக்க ஆள்காட்டி செய்கிற வேலை அது. ரெண்டும் மாறி மாறி ஆடி முதல் இதைத்தான் செய்துகொண்டிருந்தன.

ஜெமிமா பைனாகுலரைக் கண்ணிலிருந்து எடுக்காமலே கேட்டாள்.

“மாமா, இது எத்தன நாளா கிடக்கு?”

“ஆடி பொறந்ததுல இருந்து.”

“அப்படின்னா அது கூமுட்டைல்லா?”

பவுல் தன் பைனாகுலரைத் திருகினார்.

“எங்க வீட்டுல கோழி கிடந்துச்சுல்லா” என்றாள் அவள். “அடவச்சுப் பொரிக்கலேன்னா அம்மை முட்டைய எடுத்துருவா. எடுக்கலேன்னா கோழி எந்திரிக்காது மாமா. இரை எடுக்காது, தண்ணி குடிக்காது. அப்படியே கிடந்து மெலிஞ்சு செத்துரும். அதுக்கு எப்படித் தெரியும்? கீழதான் முட்டை இருக்குல்லா.”

“எடுத்துட்டா?” என்று டாக்டர் மெதுவாகக் கேட்டார். மாட்டு டாக்டருக்குத் தெரியாத விஷயம் இல்லை.

“ஒரு நாப் பூரா கத்தும் டாக்டர். வச்ச இடத்தயே சுத்திச் சுத்தி வரும். பாக்க முடியாது. மறுநாள் இரை எடுக்கப் போயிரும்.” பைனாகுலரை இறக்கினாள். “நம்ம எடுத்துரலாமா மாமா?”

“தொடக்கூடாது” என்றார் பவுல். குரல் தடித்து வந்தது. “காட்டுப் பறவ அது. தொடக்கூடாது.”

“சட்டப்படியும் தொடக்கூடாதும்மா” என்றார் டாக்டர். “அதுவா ஒரு நாள் விட்டுட்டு எந்திரிச்சுப் போயிரும்.”

“எப்ப டாக்டர்?”

டாக்டர் பவுலைப் பார்த்தார். பவுல் குளத்தைப் பார்த்தார். ஜெமிமா தண்ணீர் பாட்டில் எடுக்கக் காருக்குப் போனாள்.

பவுலுக்கு உடம்பெல்லாம் கோபம் ஏறியது. கூமுட்டை. உருப்படாத பிள்ளையை ஊரில் அப்படித்தானே திட்டுவார்கள்? யாரைச் சொல்கிறாள்? சொந்தப் புருஷனையா? என் மகனையா? அண்ணன்காரன் வந்து வாசலில் கேட்டான், தங்கச்சி சாமர்த்தியமாகக் கொற்கை வரைக்கும் வந்து கேட்கிறாள்! திரும்பி நாலு வார்த்தை கேட்டுவிடலாம் என்று பார்த்தார். அவள் காரின் பக்கத்தில் நின்று, பாட்டிலைத் திறக்காமல், அந்தப் பறவையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணில் சூது ஒன்றும் இல்லை. பறவையைப் பற்றித்தான் கேட்டிருக்கிறாள். மெலிந்த அந்தக் கழுத்தைப் பார்த்துப் பொறுக்காமல் கேட்டிருக்கிறாள், அவ்வளவுதான்.

“டாக்டர்” என்றார். “உங்களுக்குத் தெரியுமா?”

“போன வாரமே தெரியும் அண்ணாச்சி.”

“ஏன் சொல்லல?”

“உங்ககிட்ட எப்படிச் சொல்ல?”

பவுல் பைனாகுலரை எடுத்தார். ஜோடிப் பறவை மறுபடியும் குட்டையிலிருந்து வந்துகொண்டிருந்தது. நனைந்த வயிற்றிலிருந்து தண்ணீர் சொட்டுவது கண்ணாடியில் நன்றாகத் தெரிந்தது. அந்த ஈரத்தைப் பார்த்ததும் அவருக்குச் சனிக்கிழமை வாளி ஞாபகம் வந்தது. ஜெமிமா குனிந்து சட்டைகளை ஒவ்வொன்றாக அமுக்கி நனைப்பாள், பிழிவாள், மாடிக்குக் கொண்டுபோவாள். ஒருநாளும் ஏன் என்று கேட்டதில்லை. ‘மாடியிலயே அடைகிடக்கா’ என்று காலையில் மெட்டில்டா சொன்னது இப்போதுதான் காதில் விழுந்தது. ஊர் வழக்கமாகச் சொல்கிற பேச்சுதான் அது, அவளும் யோசிக்காமல்தான் சொன்னாள். ஆனால் அடைவைத்தது யார்? கோழி தானாகவா முட்டையைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டது? நான்தானே வைத்தேன், எடுக்கவும் மாட்டேன் என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறேனே என்று நினைத்தார். மகன் போனபோது கூட இப்படித் தன்னைத் தானே வெறுத்ததில்லை.

ஆத்தூர்க் குளத்துக்குப் போகிற வழியில் டாக்டர் ரோட்டைப் பார்த்தபடி சொன்னார்:

“என் வீட்டுக்காரி ஜெபகனி போனப்போ எங்க சபையில அடக்கம் பண்ணி, ஒரு பாட்டுப் பாடி முடிச்சுட்டாங்க அண்ணாச்சி. செத்தவங்களுக்குன்னு ஜெபம்கூடக் கிடையாது எங்களுக்கு. வீட்டுக்கு வந்து அவ செருப்ப எங்க வைக்கன்னு தெரியாம நின்னுட்டிருந்தேன். உங்க பக்கம் மணி அடிக்கதாவது இருக்கேன்னு சமயத்துல நெனைப்பேன்.”

பின்சீட்டில் ஜெமிமா ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தாள்.

ஆத்தூர்க் குளம் ஆகாயத்தாமரை மண்டிக் கிடந்தது. முன்பெல்லாம் கூழைக்கடாக்கள் கூட்டமாக இறங்கி மீன் வாரிய குளம் அது. இலை மூடிய பிறகு வருஷக்கணக்காக ஒன்றும் இறங்கவில்லை. ஒவ்வொரு தடவையும் டாக்டர் கேட்பார், பவுல் காணோம் என்பார். இன்றைக்கும் பவுல் கரைமேல் ஏறி நின்று, பைனாகுலரை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் நிதானமாக ஓட்டினார். சிக்னல் ஸ்டேஷனில் கடலைத் துழாவின அதே நிதானம். பிறகு பைனாகுலரை உறையில் போட்டு மூடினார்.

“கூழைக்கடா?” என்றார் டாக்டர், பழக்கத்தில்.

“இல்ல.”

“காணோமா?”

“இல்ல டாக்டர். இந்தக் குளத்துல கூழைக்கடா இல்ல.”

டாக்டர் காரை நோக்கி நடந்தார். காருக்கு வெளியே நின்றிருந்த ஜெமிமா மாமனாரின் முகத்தைப் பார்த்தாள். அவள் காதிலும் அது விழுந்திருந்தது.

தூத்துக்குடிக்குள் வரும்போது சாயங்காலம். தெருமுனையில், கோயில் வாசலில் காரை நிறுத்தச் சொன்னார் பவுல்.

“பூசைக்கு இன்னும் நேரம் இருக்கே மாமா” என்றாள் ஜெமிமா.

“நீ வீட்டுக்குப் போ மக்கா. அத்தகிட்டப் போயி இரி.”

‘மக்கா’ என்று அவர் அவளைக் கூப்பிட்டு எத்தனையோ காலமாயிற்று. அவள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு இறங்கி நடந்தாள்.

உபதேசியார் பால்துரை கோயிலுக்குள் பெஞ்சுகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். பவுல் வந்து மணிக்கயிறு தொங்குகிற இடத்துக்குப் பக்கத்தில் நின்றதைப் பார்த்ததும் துணியைக் கீழே வைத்தார். எதற்கு வந்திருக்கிறார் என்பது அந்தத் தெருவில் பிறந்த யாருக்கும் தெரியும். ஆனாலும் கேட்டாக வேண்டும், அதுதான் முறை.

“யாருக்கு அண்ணாச்சி?”

பவுல் மணிக்கயிற்றைப் பார்த்தார். பால்துரை காத்திருந்தார்.

“எம் மவனுக்கு.”

“பேரு சொல்லணும் அண்ணாச்சி.”

“ஜெரால்டு.” அந்தப் பேரைச் சொன்னதும் பக்கத்துப் பெஞ்சைப் பிடித்துக்கொண்டார். “அவன் இல்ல பால்துரை. எம் மவன் இல்ல.”

பால்துரை சிலுவை போட்டுக்கொண்டு கயிற்றைப் பிடித்தார்.

துக்கமணி மெதுவாக, விட்டு விட்டு அடிக்கும். முதல் அடிக்கே தெருவில் பேச்சு நின்றது. கடைக்காரர்கள் எழுந்து நின்றார்கள். யாருக்கு என்று ஒருவருக்கொருவர் கேட்டுக்கொண்டவர்கள், கோயில் படியில் பவுல் தலை கவிழ்ந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டுக் கேட்பதை நிறுத்திக்கொண்டார்கள். ரெண்டாவது அடிக்கும் மூன்றாவது அடிக்கும் நடுவில், அவர் வீட்டுப் பக்கமிருந்து ஒரு சத்தம் வந்தது. மெட்டில்டாவின் சத்தம் இல்லை. இத்தனை வருஷத்தில் அந்தத் தெரு ஒருமுறைகூடக் கேட்டிராத சத்தம்.

பவுல் வீட்டுக்குப் போனபோது பெண்கள் கூடியிருந்தார்கள். மெட்டில்டா மகன் படத்துக்குக் கீழே சரிந்து கிடந்தாள். ஜெமிமா ஓரிடத்தில் நிற்கவில்லை. மாடிக்கு ஓடினாள், அலமாரியைத் திறந்து சட்டைகளை வாரி மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கி வந்தாள், கூடத்தைச் சுற்றினாள், மறுபடியும் ஏறினாள். அவன் பேரைச் சொல்லிச் சொல்லிக் கத்தினாள். பக்கத்து வீட்டு ஷெர்லின் அவளைப் பிடித்து உட்காரவைக்கப் போனாள்.

“விடுளா” என்றார் பவுல். “கத்தட்டும். ஒருத்தரும் சமாதானம் சொல்லாதீங்க.”

சொல்லிவிட்டு வாசல்படியில் உட்கார்ந்தார். அவர் கண்ணிலிருந்தும் அப்போதுதான் தண்ணீர் இறங்கியது. அதைத் துடைக்கவில்லை.

துக்க வீட்டில் அடுப்பு எரியாது. மறுநாள் காலையில் ஷெர்லின்தான் கஞ்சியும் தேங்காய்த் துவையலும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். சாமியார் வந்து பூசைக்கு நாள் சொல்லிவிட்டுப் போயிருந்தார். சட்டைகள் கூடத்து மூலையில் குவிந்து கிடந்தன, யாரும் எடுத்து மடிக்கவில்லை. ஜெமிமா மாடியிலிருந்து இறங்கி வந்தாள். முகம் வீங்கி, தொண்டை கட்டிப்போயிருந்தது. முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, மாமியார் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, கஞ்சிக் கும்பாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

பவுல் வாசல்படியில் இருந்தபடியே காதைக் கொடுத்துக்கொண்டிருந்தார். கஞ்சி உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி கேட்டது. காலிக் கும்பாவைத் தரையில் வைக்கிற சத்தமும் கேட்டது.

“அத்த” என்றாள் ஜெமிமா, கட்டின தொண்டையில். “இன்னும் கொஞ்சம் ஊத்துங்க.”

“ஊத்துளா” என்றார் பவுல், திரும்பிப் பார்க்காமல். “நல்லா நெறைய ஊத்து.”